செய்திக் கிடங்கு



ஒரு செய்தியைப் பிறருக்குத் தெரிவிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேரே பேசுவது. மற்றொன்று எழுதி அனுப்புவது. நேரே பேச வேண்டுமானால் பேசுபவரும் கேட்பவரும் ஒரே நேரத்தில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். தொலைபேசியும் இவ்வகையைச் சார்ந்ததே. மணி அடிக்கும்போது எடுப்பார் இல்லையெனில், சொல்ல வந்தது சொல்ல வந்தவர் நாவிலேயே நின்றுவிடும். கடிதத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நான் இன்று அஞ்சற் பெட்டியில் இடுகிறேன். நீங்கள் வெளியூர் சென்றிருந்தாலும் திரும்பி வந்து எடுத்துப் படிக்கிறீர்கள். இடைப்பட்ட காலத்தில் அந்தக் கடிதம் எங்கே இருந்தது, யாருடைய பொறுப்பில் இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்றைய பேச்சு அந்த இடைக்காலத்தைப் பற்றியது. ஆனால் கடிதங்களைப் பற்றியதன்று; கணினிகள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்ளும் செய்திகளைப் பற்றியது. அச்செய்திகளை நடுவில் நின்று வாங்கிக் காத்துவைக்கும் வழங்கிக் கணினிகளை, அதாவது சர்வர்களை, எவ்வாறு அமைத்து வைக்க வேண்டும் என்பதே நம் பொருள்.

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்களாயின், கடைத்தெருவுக்கு வாருங்கள். தீப்பெட்டித் தொழிலாலும் பட்டாசுத் தொழிலாலும் வாழும் ஏழாயிரம்பண்ணை என்னுடைய ஊர்; சாத்தூர்ப் பக்கம் உள்ளது. வாரக் கூலி வந்த சனிக்கிழமை மாலைகளில் மளிகைக் கடைகளில் நிற்க இடம் இராது. இப்போது பலர் காசை எண்ணிக் கொடுப்பதில்லை; கைப்பேசியை நீட்டுகிறார்கள். ஒரு பெண்மணி 340 ரூபாய் செலுத்துகிறார். கணக்கில் பணம் கழிந்துவிட்டதாக அவருடைய கைப்பேசி காட்டுகிறது. கடை மேசையிலுள்ள பேசும் பெட்டியோ வாய் திறக்கவில்லை. "பணம் போயிருச்சே, அண்ணாச்சி" என்கிறார் அவர். "எனக்கு வரலையே, தாயி" என்கிறார் கடைக்காரர். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். இக்காட்சியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நீங்களும் கண்டிருப்பீர்கள்.

அந்த 340 ரூபாய் எங்கே? ஒரு வங்கியின் ஏட்டில் கழித்து எழுதியாயிற்று. மற்றொரு வங்கியின் ஏட்டில் கூட்டி எழுதியதாகத் தெரியவில்லை. "கூட்டி எழுது" என்னும் செய்தியோ, "கூட்டி எழுதிவிட்டேன்" என்னும் மறுமொழியோ வழியில் எங்கோ நிற்கிறது. ஓர் ஏழைத் தாயின் ஒரு நாள் உழைப்பு, கண்ணுக்குப் புலனாகாத ஒரு செய்தியின் கதியைப் பொறுத்து நிற்கிறது. ஆகவே அச்செய்தியை இடையில் வைத்திருப்பவன் எத்தகையவனாக இருக்க வேண்டும் என்பது வெறும் இயந்திர நுட்பம் மட்டும் அன்று.

வாங்கி வைத்துப் பிறகு அனுப்பும் இந்த முறையைக் கணினி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் நாட்டில் 1850-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே சோதனைக்காகத் தந்திக் கம்பி அமைக்கத் தொடங்கினார்கள். வில்லியம் ஓஷாநசி என்னும் மருத்துவர் அதை முன்னின்று நடத்தினார். தொலைதூரத் தந்தி பெரும்பாலும் ஒரே ஓட்டமாக ஓடிச் சேர்வதில்லை. இடைநிலையத்துத் தந்தியாளர் ஒலியைக் காதால் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்வார். அடுத்த கம்பி ஒழிந்திருக்கும் நேரத்தில் அந்தத் தாளைப் பார்த்து மீண்டும் தட்டுவார். மழைக்காற்றில் கம்பி அறுந்துபோனால் செய்தி அழிந்துபோகாது. தாள் மேசைமேல் காத்திருக்கும். எங்கள் இளமைக் காலத்தில் தந்திச் சேவகர் தெருமுனையில் தென்பட்டாலே, உறையைப் பிரிக்கும் முன்பே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். 2013 ஜூலை 14 அன்று கடைசித் தந்திகளை ஏற்றுக்கொண்டபின் நம் நாட்டில் அந்தச் சேவை முடிவுக்கு வந்தது. தந்தியாளர் மேசைமேல் இருந்த தாள் மட்டும் வேறு உருவம் எடுத்து வாழ்கிறது.

இனி அந்த உருவத்தைப் பார்ப்போம். ஒரு வங்கியிலோ, மின்வாரியத்திலோ, பெரிய ஆலையிலோ எல்லா வேலையையும் ஒரே நிரல் செய்வதில்லை. கணக்கைப் பார்ப்பது ஒன்று. குறுஞ்செய்தி அனுப்புவது ஒன்று. மோசடி ஏதும் உண்டா என்று ஆராய்வது மற்றொன்று. இத்தகைய நிரல்களைத் தன்னுள் ஏற்று, அவற்றுக்குப் பொதுவான வசதிகளைச் செய்து தரும் கணினி அமைப்புக்குப் பயன்பாட்டு வழங்கி என்று பெயர். அப்பொது வசதிகளுள் ஒன்று செய்திப் பணி. அனுப்பும் நிரல் தன் செய்தியை ஒரு வரிசையில் வைக்கிறது. பெறும் நிரல் தனக்கு ஒழிந்தபோது வரிசையின் தலையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வரிசை என்பது ஒருவருக்கான அஞ்சல் போன்றது. ஒரு செய்தியை ஒருவரே எடுப்பர். ஒரே செய்தி பலருக்கும் போக வேண்டுமானால் அதற்குத் தலைப்பு என்னும் மற்றோர் ஏற்பாடு உண்டு. அது பத்திரிகைச் சந்தா போன்றது. சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு படி போய்ச் சேரும்.

இம்முறையில் பெயர் பெற்ற மென்பொருளை ஐபிஎம் நிறுவனம் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஜாவா மொழியில் எழுதுவோர் எந்த நிறுவனத்தின் செய்தி வழங்கியையும் ஒரே விதமாகக் கையாளும்படி 1998-இல் ஒரு பொது நெறி வகுக்கப்பட்டது. கொழும்பில் 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்னும் நிறுவனமும் செய்தி இடையாளர் மென்பொருள் ஒன்றை உருவாக்கி உலகுக்குத் தந்தது. வரலாற்றை இவ்வளவில் நிறுத்துகிறேன்.

வரிசையின் பயன் யாது? எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆலையைப் பாருங்கள். குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவோர் ஒரு வேகத்தில் அடுக்குகிறார்கள். அச்சட்டங்களை மருந்தில் முக்குவோர் வேறு வேகத்தில் முக்குகிறார்கள். அடுக்கிய சட்டங்களை வைக்க இடையில் இடமிருப்பதனால், முக்குபவர் சற்று ஓய்ந்தாலும் அடுக்குபவர் கை நிற்பதில்லை. அந்த இடம் இல்லையெனில் ஒருவருடைய தாமதம் அனைவருடைய தாமதமாகிவிடும். கணினியிலும் அப்படியே. தீபாவளிக்கு முதல் நாள் வந்து குவியும் செய்திகளை வரிசை வாங்கி வைத்துக்கொள்ள, பெறும் நிரல் தன் நடையிலேயே நடந்து இரவுக்குள் அவற்றை முடித்துவிடும்.

ஆனால் வாங்கி வைப்பது எங்கே? இங்கேதான் அமைப்பவருடைய முதற்பொறுப்பு தொடங்குகிறது. கணினிக்கு இரு வகை நினைவு உண்டு. ஒன்று விரைவானது; மின்சாரம் நின்றால் அழிந்துபோவது. மற்றொன்று வட்டு, மெதுவானது, ஆயினும் மின்சாரம் நின்றாலும் நிலைப்பது. வகுப்பில் பெயர் கூப்பிட்டு வருகையைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, மாலையில் பதிவேட்டில் ஏற்றும் ஆசிரியரை எண்ணிக்கொள்ளுங்கள். துண்டுத்தாளில் எழுதுவது விரைவுதான். நண்பகலில் காற்று அதை அடித்துச் சென்றால் அன்றைய வருகையே இல்லை. பதிவேட்டில் மையால் எழுதுபவர் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறார். ஆனால் எழுதியது நிற்கும். ஜாவாவின் பொது நெறியில் இவ்விரண்டுக்கும் இடம் உண்டு. அனுப்புபவர் ஒன்றும் சொல்லாவிடில் செய்தியை நிலையானது என்றே கொண்டு வட்டில் எழுத வேண்டும் என்பது அதன் விதி. மறந்தவரையும் காப்பாற்றும் நல்ல விதி அது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. "வட்டில் எழுதிவிட்டேன்" என்று இயக்க முறைமை சொல்வதை அப்படியே நம்பலாகாது. அது பெரும்பாலும் எழுத வேண்டியதைத் தன் விரைவு நினைவில் வாங்கிக்கொண்டு, "ஆயிற்று" என்று முதலில் சொல்லிவிடும். மெய்யாக எழுதுவது சற்றுப் பிந்தி நிகழும். அந்தச் சற்று நேரத்தில் மின்சாரம் போனால் அனுப்பியவருக்குக் கொடுத்த வாக்கு பொய்யாகும். ஆகவே நல்ல செய்தி வழங்கி ஒவ்வொரு முறையும், "வட்டில் இறங்கிற்றா? இறங்கியபின் சொல்" என்று வற்புறுத்திக் கேட்டு, அதன்பிறகே அனுப்பியவருக்கு ஒப்புதல் தரும். ஆரக்கிள் நிறுவனத்தின் வெப்லாஜிக் என்னும் பயன்பாட்டு வழங்கியில், கோப்பில் சேமிக்கும் கிடங்குக்கு நான்கு வகை எழுத்துக் கொள்கைகள் தரப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்று பலவகை எச்சரிக்கையோடு வட்டு வரை சென்று உறுதிசெய்வன. நான்காவது, அந்த உறுதியையே நிறுத்திவைப்பது. அது மிக விரைவானது. வேகத்தைக் கண்டு மயங்கி அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. மின்தடை வரும் வரையில் அவர்கள் தேர்வு சரியானதாகவே தோன்றும்.

உறுதிக்கு என்ன விலை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம், எளிய கணக்குத்தான். சுழலும் வட்டுகளில் வழக்கமான ஒரு வகை, நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வது. அப்படியானால் நொடிக்கு 120 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 8.3 மில்லி நொடி. ஒரு செய்தியை எழுதி, உறுதி பெற்று, அடுத்ததை எழுத அதே இடம் மீண்டும் ஊசியின்கீழ் வரும் வரை காத்திருந்தால், நொடிக்குச் சுமார் 120 செய்திகளுக்கு மேல் எழுத முடியாது. ஒரு பெரிய வங்கிக்கு இது போதுமா? போதாது. அதற்காக உறுதியைக் கைவிடுவதா? வேண்டியதில்லை. பேருந்து ஒவ்வொரு பயணிக்காகவும் தனித்தனியே புறப்படுவதில்லையே! ஒரே கணத்தில் வந்து சேர்ந்த 50 செய்திகளை ஒன்றாகக் கட்டி ஒரே எழுத்தில் எழுதிவிட்டால், அதே வட்டில் நொடிக்கு 6,000 செய்திகள் இறங்கும். ஒருவரும் ஏமாற்றப்படவில்லை, ஒவ்வொருவரும் சில மில்லி நொடி காத்திருந்தார்கள், அவ்வளவே. சுழலாத மின்ம வட்டுகள் வந்தபின் இந்த எண்கள் பன்மடங்கு உயர்ந்துவிட்டன. என்றாலும் கணக்கின் அமைப்பு மாறவில்லை. செய்திகளைக் கோப்பில் எழுதலாம், தரவுத்தளத்திலும் எழுதலாம். கோப்பு பொதுவாக விரைவானது. தரவுத்தளம், கணக்கேடுகளோடு சேர்த்துப் படியெடுத்துக் காப்பதற்கு வசதியானது. இரண்டில் எதுவாயினும், அந்த வட்டை வேறு வேலைகளோடு பங்கிட்டுக்கொள்ளாமல் தனியே ஒதுக்குதல் நலம்.

சேமிப்பது பாதி வேலை. எப்போது அழிப்பது என்பது மறுபாதி. பதிவுத் தபாலோடு இணைத்து அனுப்பிய ஒப்புகை அட்டையைப் பெரியவர்கள் அறிவார்கள். பெற்றவர் கையொப்பமிட்ட அட்டை திரும்பி வந்தால்தான் கடிதம் சேர்ந்தது என்று மனம் அமைதியடையும். (பதிவுத் தபால் 2025-ஆம் ஆண்டில் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது.) செய்தி வழங்கியும் இந்நெறியையே பின்பற்றுகிறது. பெறும் நிரல் செய்தியை எடுத்துச் சென்றதும் வழங்கி அதை அழித்துவிடுவதில்லை. "வேலையை முடித்துவிட்டேன்" என்னும் ஒப்புகை வந்தபின்பே அழிக்கிறது. ஒப்புகை வராவிடில் செய்தியை மீண்டும் கொடுக்கிறது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. செய்தி சேர்ந்து, வேலையும் முடிந்து, ஒப்புகை மட்டும் வழியில் காணாமற்போனால் என்ன ஆகும்? வழங்கிக்கு அது தெரியாது. செய்தி சேரவில்லை என்றே கருதி மீண்டும் அனுப்பும். 340 ரூபாய் இரண்டாம் முறையும் கூட்டி எழுதப்படும்! ஒப்புகைக்கு ஓர் ஒப்புகை கேட்கலாமே என்று உங்களுள் ஒருவர் சொல்லக்கூடும். அந்த ஒப்புகை தொலைந்தால்? அதற்கும் ஓர் ஒப்புகையா? இதற்கு முடிவில்லை என்பதை 1975-ஆம் ஆண்டில் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்னும் மூவர் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார்கள். 1978-இல் ஜிம் கிரே என்னும் அறிஞர் அதை இரு தளபதிகளின் புதிர் என்று வழங்கினார். இரண்டு குன்றுகளில் இரண்டு தளபதிகள். நடுவே பள்ளத்தாக்கில் பகைவர். இருவரும் ஒரே வேளையில் பாய்ந்தால் வெற்றி. ஒருவர் மட்டும் பாய்ந்தால் அழிவு. தூதன் பள்ளத்தாக்கைக் கடந்துதான் போக வேண்டும்; வழியில் பிடிபடக்கூடும். எத்தனை தூதர்களை மாறி மாறி அனுப்பினாலும், கடைசித் தூதன் போய்ச் சேர்ந்தானா என்பது அவனை அனுப்பியவருக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே இருவருக்கும் ஐயமற்ற உறுதி என்பது, செய்தி தொலையக்கூடிய எந்த வழியிலும் கிட்டாதது.

அப்படியானால் மனிதர் செய்யக்கூடியது யாது? இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். "ஒரு முறைக்கு மேல் கொடுக்கமாட்டேன், சில சமயம் கொடாமலும் போகலாம்" என்பது ஒரு வழி. "ஒரு முறையேனும் கட்டாயம் கொடுப்பேன்; சில சமயம் இரண்டு முறையும் கொடுக்கலாம்" என்பது மற்றொரு வழி. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இரண்டாம் வழியே தக்கது. ஆனால் இரட்டிப்பைக் கண்டறியும் கடமை பெறுபவர் தலையில் விழுகிறது. அதற்கு ஒவ்வொரு செய்திக்கும் மாறாத ஓர் எண் வேண்டும். பெறுபவர் கணக்கைத் திருத்தும் அதே கணத்தில், "இந்த எண்ணுடைய செய்தியை முடித்துவிட்டேன்" என்றும் அதே ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மறுபடி அதே எண் வந்தால் வேலையைச் செய்யாமல் ஒப்புகை மட்டும் கொடுத்துவிடலாம். நீங்கள் கைப்பேசியில் பணம் செலுத்தும்போது தோன்றும் 12 இலக்கக் குறிப்பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. அந்தக் குறிப்பிட்ட செலுத்துகையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கண்டுபிடிக்க உதவும் அடையாளம் அதுதான். அதைக் குறித்து வையுங்கள்.

2016 ஏப்ரல் 11 அன்று தொடங்கப்பெற்ற யுபிஐ முறையில் செலுத்துபவர் வங்கி, நடுவிலுள்ள தேசியக் கொடுப்பனவுக் கழகம், பெறுபவர் வங்கி ஆகியவற்றுக்கிடையே செய்திகள் பறக்கின்றன. ஒன்றின் மறுமொழி உரிய நேரத்தில் வராவிடில், வெற்றியும் அன்று தோல்வியும் அன்று என்னும் இரண்டுங்கெட்டான் நிலை பிறக்கிறது. நாம் கடைத்தெருவில் கண்டது இதனைத்தான். கணிதம் முழு உறுதி தர மறுக்கும் இடத்தில் சட்டம் வந்து நிற்கிறது. 2019 செப்டம்பர் 20 அன்று இந்திய ரிசர்வ் வங்கி ஓர் ஆணை பிறப்பித்தது. ஒருவர் மற்றொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் கழிந்து, பெறுபவருக்குச் சேராவிடில், அடுத்த ஒரு நாளுக்குள் அது தானே திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்திய பணமாயின் 5 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். தவறினால், கேட்காமலே நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும். இந்த ஆணையைக் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் தாய்மாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். 340 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டதாக எண்ணி வாளாவிருப்பவர் பலர்.

அடுத்துக் கிடங்கின் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எங்கள் பக்கத்தாருக்கு விளக்குவது எளிது. பட்டாசு ஆலையில் ஒவ்வோர் அறையிலும் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம் என்பதை உரிமம் வரையறுக்கிறது. கலக்கும் அறை வேறு, செலுத்தும் அறை வேறு, கிடங்கு வேறு. இடையில் இவ்வளவு தூரம் என்பதும் விதி. அவ்விதிகள் ஏட்டழகுக்காக எழுதப்பட்டவை அல்ல. 2021 பிப்ரவரி 12 அன்று எங்களுக்கு அண்மையிலுள்ள அச்சங்குளத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தைக் கணினி வட்டோடு ஒப்பிடுவது என் கருத்தன்று. அளவு என்னும் சொல்லை எங்கள் ஊரார் எவ்வளவு கனத்தோடு கேட்கிறார்கள் என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே சொன்னேன்.

செய்தி வழங்கியிலும் ஒவ்வொரு வரிசைக்கும் அளவு விதிக்க வேண்டும். விதிக்காமல் விட்டால், பெறும் நிரல் ஒன்று இரவில் நின்றுபோக, அதன் வரிசை விடியும் வரை வீங்கி, வட்டு முழுவதையும் நிரப்பி, தொடர்பில்லாத மற்ற வரிசைகளையும் மூச்சடைக்கச் செய்யும். அளவு நிறைந்தபின் என்ன செய்வது? ஆக்டிவ்எம்க்யூ ஆர்ட்டெமிஸ் என்னும் இலவச மென்பொருள் இதற்கு நான்கு விடைகளை நம்முன் வைக்கிறது: விரைவு நினைவில் இடமில்லாத செய்திகளை வட்டுக்கு இறக்குவது, அனுப்புபவரைச் சற்று நிறுத்திவைப்பது, ஏற்க மறுத்துப் பிழை என்று சொல்வது, ஒரு சொல்லும் சொல்லாமல் எறிந்துவிடுவது. முதல் மூன்றும் நேர்மையானவை. நான்காவதும் சில இடங்களில் பொருந்தும். நொடிக்கொரு முறை வெப்பநிலை அனுப்பும் கருவியின் செய்தியில் ஒன்று தொலைந்தால் அடுத்த நொடி மற்றொன்று வரும். கூலிப் பணத்தின் செய்திக்கு அதைத் தேர்ந்தெடுப்பவரை நான் தேர்வில் தவற வைப்பேன்.

சில செய்திகளுக்குக் காலவரையும் உண்டு. பத்து நிமிடம் மட்டும் செல்லும் கடவு எண்ணை மறுநாள் கொண்டுபோய்க் கொடுப்பதில் யாருக்கும் பயனில்லை. அத்தகையவற்றுக்குக் காலாவதி குறித்து அனுப்புதல் வேண்டும். பணச் செய்திக்குக் காலாவதி குறித்தால், காலம் கடந்தது எங்கே போகிறது என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

இனி, யாராலும் படிக்க முடியாத செய்திகளைப் பற்றி ஒரு சொல். பிறந்த நாள் என்னும் இடத்தில் பிப்ரவரி 30 என்று எழுதிய ஒரு செய்தி வருகிறது. பெறும் நிரல் அதில் தடுக்கி விழுகிறது; ஒப்புகை தரவில்லை. வழங்கி கடமை தவறாமல் அதையே மீண்டும் கொடுக்கிறது; நிரல் மீண்டும் விழுகிறது. ஒரு நச்சுச் செய்தி, பின்னால் நிற்கும் ஆயிரம் நல்ல செய்திகளை மறித்துக்கொள்கிறது. ஆகவே எத்தனை முறை முயல்வது, ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே எவ்வளவு பொறுப்பது, அதன்பின் செய்தியை எங்கே ஒதுக்குவது என்று மூன்றையும் சொல்லிவைக்க வேண்டும். அஞ்சல் துறையில் முன்பு டெட் லெட்டர் ஆபீஸ் என்றோர் அலுவலகம் இருந்தது. பின்னர் ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ் என்று பெயர் பெற்றது. பெறுபவரும் அனுப்பியவரும் அறியப்படாத கடிதங்களை அங்கே பிரித்துப் பார்த்து, உரியவரைத் தேடும் அதிகாரம் ஊழியர்களுக்கு உண்டு. செய்தி வழங்கியிலும் இத்தகைய ஒதுக்கு வரிசையை அமைக்கலாம். ஆர்ட்டெமிஸ் வழக்கமாகப் பத்து முறை முயலும். ஒதுக்கு வரிசையின் முகவரியை நாம் எழுதி வைக்காவிடில், அதன்பின் செய்தியை அழித்துவிடும். உள்ளமைப்புக் கோப்பில் ஒரு வரி விட்டுப்போனதற்கு இவ்வளவு விளைவு! அந்த வரியை எழுதுவதோடும் வேலை முடிவதில்லை. ஒதுக்கு வரிசையை நாள்தோறும் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். அங்கே கிடப்பது ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குச் சேர வேண்டியது.

செய்தியை அழிக்காமலே வைத்திருக்கும் வேறொரு மரபும் உண்டு. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011-இல் பொதுவுக்கு வந்த காஃப்கா என்னும் மென்பொருளை ஆக்கிய மூவருள் ஒருவர் புணேயில் பயின்ற நேகா நார்க்கேடே. இதில் செய்திகள் வரிசையாக ஏட்டில் எழுதப்பட்டு நிற்கும். ஒவ்வொரு வாசகரும் தாம் படித்த இடத்தில் தம் அடையாளக் குறியை வைத்துக்கொள்வர். ஊர் நூலகத்தில் பத்திரிகைகளைச் சில நாள் கட்டி வைத்திருப்பதைப் போன்றது இது. யார் படித்தார், யார் படிக்கவில்லை என்று பாராமல், வேறு சொல்லாவிடில் 168 மணி நேரம், அதாவது 7 நாள் வைத்திருந்து பின் கழிக்கும். எட்டாம் நாள் வந்து கேட்பவருக்கு அங்கே ஒன்றும் இராது.

ஒரே வட்டில் எவ்வளவு கவனமாக எழுதினாலும் அந்த வட்டே பழுதாகலாம். ஆகையால் படிகள் வேண்டும். மூன்று கணினிகளில் வைத்து, இரண்டிலேனும் எழுதப்பட்டபின் ஒப்புதல் தருவது இன்று பரவலான வழக்கம். மூன்று ஏன்? இரண்டே இருந்து அவற்றிடையே தொடர்பு அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது இறந்துவிட்டதாகக் கருதித் தானே தலைவன் என்று நடக்கத் தொடங்கும். மூன்றில் பெரும்பான்மை என்பது ஒரே பக்கத்தில்தான் இருக்க முடியும். மூன்றையும் ஒரே கட்டடத்தில் வைப்பது போதாது என்பதை, 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளத்தைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தூரத்துக்கும் விலை உண்டு. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே 1,300 கிலோமீட்டர் கண்ணாடி இழை என்று வைத்துக்கொள்வோம். இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். போய்வர 13 மில்லி நொடி. நாம் முன்பு கண்ட வட்டின் ஒரு சுழற்சியை விடச் சற்று அதிகம், அவ்வளவே. அந்த நேரத்தைப் பொறுத்துக்கொள்ளக்கூடிய செய்தி எது, பொறுக்காதது எது என்று பிரிப்பது, அமைப்பவர் அந்த நிறுவனத்தின் வேலையை அறிந்து செய்ய வேண்டிய தீர்ப்பு. எந்தக் கையேட்டிலும் அதற்கு விடை இராது.

கணினி பயிலும் மாணவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்லுகிறேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில், வேறு யாருக்கும் தேவைப்படாத பழைய கணினி ஒன்றில், நான் சொன்ன இலவச மென்பொருள்களில் ஒன்றை நிறுவுங்கள். 1 முதல் 10,000 வரை எண்ணிட்ட செய்திகளை வரிசையாக அனுப்புங்கள். ஒப்புதல் வந்த எண்களை மட்டும் வேறொரு கணினியில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஐயாயிரத்தைத் தாண்டும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். மறுபடி இயக்கி, வரிசையில் இருப்பவற்றை எடுத்துக் குறிப்போடு ஒத்துப்பாருங்கள். ஒப்புதல் பெற்ற ஓர் எண்ணாவது காணவில்லையென்றால், உள்ளமைப்புக் கோப்பை மீண்டும் திறந்து, எழுத்துக் கொள்கை என்னும் வரியிலிருந்து தொடங்குங்கள்.